ஊமையான வால்வு ரேடியோவை மீண்டும் பேச வைக்கலாம்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பழைய ரேடியோவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. உங்கள் மேஜை மீது இருக்கும் கம்ப்யூட்டரின் தாத்தா, பரண் மேல் தூசி படிந்து கிடக்கும் அந்த வால்வு ரேடியோவின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் உயிர் கொடுத்தது ஒரே பொருள்தான்: வால்வு என்று நாம் சொல்லும் வெற்றிடக் குழாய்.

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. வீட்டு ரேடியோவில் இருந்தவை 5 அல்லது 6. எண்ணிக்கைதான் வேறு, வேலை செய்யும் தத்துவம் ஒன்றே. இன்னொரு காரணமும் உண்டு. கெட்டுப்போன ரேடியோவில் குறை தேடும் முறையும், கெட்டுப்போன கம்ப்யூட்டரில் குறை தேடும் முறையும் ஒன்றுதான். ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றது எளிதாகிவிடும்.

இந்த ரேடியோக்கள் இப்போது வேகமாக மறைந்து வருகின்றன. சில காயலான் கடைக்குப் போகின்றன. சிலவற்றின் உள்ளிருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மரப்பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கரை வைத்து அலங்காரப் பொருளாக விற்கிறார்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று இருந்தால், அதைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள்.

முதல் விதி: பிளக்கில் செருகாதீர்கள்

பழைய ரேடியோ கிடைத்ததும் எல்லோருக்கும் தோன்றும் முதல் ஆசை, "பாடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கில் செருகி ஸ்விட்ச் போடுவது. இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். 30 அல்லது 40 ஆண்டுகள் சும்மா கிடந்த ரேடியோவில் கண்டென்சர்கள் பழுதாகியிருக்கும். திடீரென்று முழு மின்சாரம் பாய்ந்தால் அவை ஷார்ட் ஆகி, டிரான்ஸ்பார்மரையும் ரெக்டிபையர் வால்வையும் எரித்துவிடும். கண்டென்சர் சில ரூபாய்ப் பொருள். எரிந்துபோன டிரான்ஸ்பார்மரைக் கடையில் வாங்க முடியாது, யாராவது கையால் சுற்றித்தான் தர வேண்டும்.

என் பெரியம்மா வீட்டு ரேடியோவைச் சரி செய்ய முடிவெடுத்தபோது, அந்த ஊரில் ஒரு காலத்தில் ரேடியோ மெக்கானிக்காக இருந்த பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, ஸ்விட்ச் போட்டுப் பாத்தீங்களா?" என்பதுதான். "இல்லைங்க ஐயா" என்றேன். "அப்ப பாதி ரிப்பேர் முடிஞ்சது" என்றார்.

இரண்டாவது விதி: உயிர் முக்கியம்

கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் திறந்து ராம் மாற்றியிருப்பீர்கள். மதர்போர்டில் இருக்கும் மின்னழுத்தம் 12 வோல்ட் வரைதான். வால்வு ரேடியோ அப்படி அல்ல. அதன் உள்ளே சுமார் 250 வோல்ட் டி.சி. மின்சாரம் ஓடும். அது ஆளைக் கொல்லப் போதுமானது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். எனவே கீழே உள்ளவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

1. பிளக் முழுவதுமாக வெளியே இருக்கும்போது மட்டுமே உள்ளே கை வைக்கவும். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

2. ஒவ்வொரு முறையும் பில்டர் கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்திடவும். 5 வாட் அளவுள்ள ஒரு கிலோ ஓம் முதல் 10 கிலோ ஓம் வரையிலான ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள வயரைப் பற்ற வைத்து, சில வினாடிகள் பிடிக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்க்கவும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்வது தவறான பழக்கம்.

3. மின்சாரத்துடன் அளக்க வேண்டியிருந்தால், மீட்டரின் கறுப்பு வயரைக் கிளிப் போட்டுச் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளக்கவும். மற்றொரு கை உங்கள் பின்னால் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

4. தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள். மெயினை எங்கே அணைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்த பழக்கம் இல்லாதவர்கள், சுத்தம் செய்வது, படம் எடுப்பது, வால்வு எண்களைக் குறிப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடலாம். அதில் ஒன்றும் குறைவில்லை. நீங்கள் தயாரித்து வைத்த குறிப்புகள் அவர் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

வால்வு என்ன செய்கிறது?

1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் முதல் வால்வை உருவாக்கினார். பல்பு போன்ற ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே காற்று இல்லை. சூடாக்கப்படும் கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, பாசிட்டிவ் மின்னழுத்தம் உள்ள ஆனோடை நோக்கிப் பாயும். எதிர்த் திசையில் பாயாது. தண்ணீர்க் குழாயில் உள்ள வால்வு ஒரு பக்கம் மட்டும் திறப்பதைப் போல இருந்ததால் இதற்கும் அந்தப் பெயர் வந்தது.

1906இல் அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட், இந்த இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற கம்பி வலையைச் சேர்த்தார். கிரிட்டில் சிறிய மாற்றம் செய்தால் ஆனோடில் பெரிய மாற்றம் வரும். இதுதான் ஆம்ப்ளிபிகேஷன். அதே கிரிட்டைக் கொண்டு மின்னோட்டத்தை முழுவதுமாக நிறுத்தவும் விடவும் செய்யலாம். அதாவது 0 மற்றும் 1. எனியாக் போன்ற கம்ப்யூட்டர்கள் இதைத்தான் பயன்படுத்தின. 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு, வால்வுகள் படிப்படியாக ஓய்வு பெற்றன.

எனியாக் பொறியாளர்கள் கண்டறிந்த ஒரு செய்தி நமக்கும் உதவும். வால்வுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்டதைவிட, சூடாகும்போதும் குளிரும்போதும்தான் அதிகம் கெட்டன. எனவே ரேடியோவை அடிக்கடி அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

உங்கள் ரேடியோ எந்த வகை?

பின்பக்க அட்டையைக் கழற்றியதும் வால்வுகளின் மேல் அச்சிட்டுள்ள எண்களைக் குறித்துக்கொள்ளவும். கவனம், இந்த எழுத்துகள் விரல் பட்டாலே அழிந்துவிடும். வால்வைத் துடைக்கும்போது எண் உள்ள இடத்தை விட்டுவிடுங்கள்.

புராசசர் பெயரைப் பார்த்து அதன் தலைமுறையைச் சொல்வதைப் போல, ஐரோப்பிய வால்வின் பெயரைப் பார்த்து அதன் ஜாதகத்தையே சொல்லிவிடலாம். முதல் எழுத்து ஹீட்டரைக் குறிக்கும். "இ" என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர். "யு" என்றால் 100 மில்லி ஆம்பியரில் வரிசையாக இணைக்கப்படும் ஹீட்டர். "டி" என்றால் பாட்டரி ரேடியோவுக்கான 1.4 வோல்ட். அடுத்து வரும் எழுத்துகள் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். "சி" டிரையோடு, "எப்" பென்டோடு, "எல்" ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வு, "எம்" பச்சை ஒளி காட்டும் மேஜிக் ஐ, "இசட்" முழு அலை ரெக்டிபையர்.

ஒரு சாதாரண வீட்டு ரேடியோவில் இப்படி ஒரு வரிசை இருக்கலாம்: இ.சி.எச். 81, இ.பி.எப். 89, இ.சி.எல். 82, இ.இசட். 80, இ.எம். 84. எல்லாம் "இ"யில் தொடங்குவதால் இது டிரான்ஸ்பார்மர் உள்ள ஏ.சி. ரேடியோ. புதியவர்களுக்கு ஏற்றது இதுதான்.

எல்லாம் "யு"வில் தொடங்கினால் அது ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் ரேடியோ. திருவிழா சீரியல் பல்புகளைப் போல எல்லா ஹீட்டர்களும் வரிசையாக இருக்கும். ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். இந்த வகையில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராகச் சேசிஸிலேயே இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் இரும்புச் சட்டமே ஷாக் அடிக்கும். இதற்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அனுபவமும் வேண்டும். முதல் முயற்சியாக இதைத் தொடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் வடிவமைத்த சூப்பர்ஹெட்ரோடைன் முறையில்தான் நமது வீட்டு வால்வு ரேடியோக்கள் இயங்கின. நீங்கள் எந்த நிலையத்தை வைத்தாலும், ரேடியோ அதை ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொள்கிறது. பெரும்பாலும் அது 455 கிலோஹெர்ட்ஸ். 720 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தை வைக்கும்போது, ரேடியோவுக்குள் இருக்கும் ஆசிலேட்டர் 1175 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. இரண்டும் கலக்கும்போது வித்தியாசமான 455 கிடைக்கிறது.

மேலே சொன்ன வரிசையில் இந்தக் கலக்கும் வேலையைச் செய்வது இ.சி.எச். 81. அதைப் பெருக்கி, குரலைப் பிரித்தெடுப்பது இ.பி.எப். 89. குரலைப் பெருக்கி ஸ்பீக்கரை இயக்குவது இ.சி.எல். 82. ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றிக் கொடுப்பது இ.இசட். 80. நிலையம் சரியாக வந்துவிட்டதா என்று காட்டுவது இ.எம். 84. இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறை தேடும்போது இதுதான் வழிகாட்டி.

சுத்தம் செய்தல்

முதலில் மொபைலில் நிறையப் படம் எடுத்திடுங்கள். மேலே, கீழே, எல்லாப் பக்கமும். எந்த வயர் எங்கே போகிறது என்பது பிறகு மறந்துவிடும். டயல் முள்ளை இழுக்கும் நூல் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்ளவும். அந்த நூல் அறுந்தால், படம் இல்லாமல் மீண்டும் கோர்ப்பது பெரும்பாடு.

தூசியை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கவும். எலி கூடு கட்டியிருந்தால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யவும். டயல் கண்ணாடியில் ஊர்ப்பெயர்கள் அச்சிட்ட பின்பக்கத்தை ஈரத்துணியால் தொடவே கூடாது. டெல்லி, மெட்ராஸ், கொழும்பு எல்லாம் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும்.

பெட்டிக்குள் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். 1980களில்தான் இந்த வழக்கம் நீக்கப்பட்டது. அந்தப் புத்தகம் உங்கள் ரேடியோவின் பிறப்புச் சான்றிதழ்.

மாற்ற வேண்டிய பாகங்கள்

பேப்பர் கண்டென்சர்கள்: மெழுகு பூசிய அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் பழைய பேப்பர் கண்டென்சர்கள் காலப்போக்கில் ஈரம் இழுத்து லீக் ஆகும். இவற்றுக்குப் பதிலாக 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சர்களைப் போடலாம். 0.05 மைக்ரோபாரட் என்று இருந்த இடத்தில் இப்போது கிடைக்கும் 0.047 போதும்.

இவற்றில் மிக முக்கியமானது, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குக் குரலைக் கொண்டு செல்லும் கப்ளிங் கண்டென்சர். குரலை மட்டும் விட்டு, டி.சி. மின்சாரத்தைத் தடுப்பதுதான் இதன் வேலை. இது லீக் ஆனால் கிரிட் பாசிட்டிவாக மாறும். வால்வு கட்டுப்பாடின்றி மின்சாரம் இழுக்கும். பாட்டு கரகரக்கும், வால்வு கொதிக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும். வேறு எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றிவிடுங்கள்.

எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள்: ரெக்டிபையருக்குப் பின்னால் இருக்கும் பெரிய அலுமினியக் குப்பி. இதற்குப் பதிலாக 450 வோல்ட் புதிய கண்டென்சர்களைச் சேசிஸின் அடியில் பொருத்தலாம். பழைய குப்பியை அழகுக்காக மேலேயே விட்டுவிடலாம், ஆனால் அதன் இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். "பெரிதாகப் போட்டால் நல்லது" என்ற எண்ணமும் வேண்டாம். இ.இசட். 80க்கு அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோபாரடுக்கு மேல் போகக் கூடாது. போனால் வால்வு தாங்காது.

மெயின் வயரை ஒட்டிய கண்டென்சர்: பிளக்கிலிருந்து வரும் வயருக்கும் சேசிஸுக்கும் நடுவே சில ரேடியோக்களில் ஒரு கண்டென்சர் இருக்கும். அங்கே சாதாரணக் கண்டென்சர் போடக் கூடாது. "ஒய்" வகை என்று குறிப்பிட்ட பாதுகாப்புக் கண்டென்சரையே கேட்டு வாங்கவும்.

ரெசிஸ்டர்கள்: பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு வயது ஆக ஆகக் கூடும். ஒரு முனையைக் கழற்றி அளந்து, குறித்த மதிப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றவும். மைக்கா, செராமிக் கண்டென்சர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம்.

மெயின் வயர்: ரப்பர் நொறுங்கியிருந்தால் தயங்காமல் புதியது போடவும். டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோவுக்கு எர்த் உள்ள 3 பின் வயரும், உள்ளே ஒரு பியூஸும் நல்லது.

ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் போட்டு, சரிபார்த்த பிறகே அடுத்ததற்குப் போகவும். புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வார்கள். அப்போதுதான் புதிய தவறு எங்கே நுழைந்தது என்று தெரியும். ரேடியோவுக்கும் அதே நியாயம்தான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இந்தக் கண்டென்சர்களும் ரெசிஸ்டர்களும் கிடைக்கும். எனக்கு இவற்றுக்கு ஆன செலவு ஒரு நல்ல கீபோர்டு வாங்கும் செலவைவிடக் குறைவு.

முதல் மின்சாரம்

இப்போதும் நேரடியாகப் பிளக்கில் செருக வேண்டாம். எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் பல்பு முறையைப் பின்பற்றலாம். ரேடியோவுக்குப் போகும் ஒரு வயரின் நடுவே 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று வர வேண்டும். சி.எப்.எல்., எல்.இ.டி. பல்புகள் இதற்கு உதவாது. பழைய இழை பல்புதான் வேண்டும்.

முதலில் ரெக்டிபையர் வால்வைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போடவும். டயல் விளக்கும், வால்வு ஹீட்டர்களும் மெல்ல ஒளிர வேண்டும். பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே அணைத்து, டிரான்ஸ்பார்மரையும் வயரிங்கையும் சோதிக்கவும்.

எல்லாம் சரியென்றால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரெக்டிபையரைப் பொருத்தி மீண்டும் போடவும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மங்கி, வால்வுகள் சூடானதும் ஓரளவு வெளிச்சத்தில் நிலைத்து நிற்க வேண்டும். மங்கியது திரும்ப முழுப் பிரகாசத்துக்கு ஏறினால் அணைத்துவிடவும். புகை, வாசனை, கொதிக்கும் கண்டென்சர் இவை எதுவும் இல்லை என்றால், பல்பை நீக்கி முழு மின்சாரம் கொடுக்கலாம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ரேடியோவை ஓட்டக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். அவுட்புட் வால்வும் டிரான்ஸ்பார்மரும் பாதிக்கப்படும்.

பாடவில்லையா? பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்

எங்கள் பெரியம்மா வீட்டு ரேடியோவை வாங்க ஒருவர் வந்திருந்தார். உள்ளே புளூடூத் வைத்துத் தருகிறேன், வெளியே அப்படியே இருக்கும் என்றார். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "ரேடியோ பாடணும். அதுக்குள்ள உட்கார்ந்து வேற ஒண்ணு பாடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா இறந்த பிறகு அதை யாரும் போட்டதில்லை. பெரியம்மாவுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. டிவியைவிடக் காதால் கேட்பதுதான் அவருக்கு வசதி. அதனால்தான் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் அந்த ரேடியோவில் மீடியம் வேவில் ஒரு நிலையமும் வரவில்லை. லேசான "உம்" சத்தம் மட்டும் கேட்டது. இந்த இடத்தில்தான் பலர் வால்வுகள் போய்விட்டன என்று முடிவு செய்துவிடுவார்கள். பொறுமையாகத் தேடினால் போதும்.

சங்கிலியைப் பாதியாகப் பிரிக்கலாம். பின்பக்கத்தில் பி.யு. என்று குறித்த துளைகள் இருக்கும். அந்தக் காலத்தில் கிராமபோன் இணைப்பதற்காக வைத்தது. அதில் மொபைலிலிருந்து பாட்டு கொடுத்தேன். தெளிவாகப் பாடியது. ஆக, குரலைப் பெருக்கும் பகுதியும், ஸ்பீக்கரும், பவர் சப்ளையும் சரி. குறை, ஏரியலுக்கும் குரலைப் பிரிக்கும் இடத்துக்கும் நடுவில்தான்.

அடுத்து ஆசிலேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். வால்வு ரேடியோவின் முள்ளை 720இல் வைத்து, டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் வைத்து 1175க்கு அருகே மெல்லத் திருப்பினால், ஆசிலேட்டரின் அலை அதில் விழும். இரைச்சல் திடீரென்று அடங்கும், அல்லது விசில் கேட்கும். இந்த ரேடியோவில் அது கேட்கவில்லை. ஷார்ட் வேவுக்கு மாற்றிச் சோதித்தபோது ஆசிலேட்டர் ஓடியது. வால்வு சரி, மீடியம் வேவுக்கு மட்டும் இணைப்பு இல்லை என்பது இதிலிருந்து தெரிந்தது. இரண்டையும் மாற்றுவது எது? பேண்ட் ஸ்விட்ச். அதன் தொடுமுனைகள் கறுத்துப் போயிருந்தன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை 30 முறை முன்னும் பின்னும் திருப்பி, காய்ந்த பிறகு போட்டதும் நிலையம் வந்தது. ஒரு வால்வுகூட மாற்றவில்லை.

பொதுவாகக் காணும் குறைகள் வேறு சில:

பலமான "உம்" சத்தம் - பில்டர் கண்டென்சர்.

சூடானதும் பாட்டு கரகரப்பது - கப்ளிங் கண்டென்சர்.

வால்யூம் திருப்பும்போது கரகர சத்தம் - வால்யூம் கண்ட்ரோலில் அழுக்கு.

டியூன் செய்யும்போது சில இடங்களில் மட்டும் சொறசொறப்பு - கேங் கண்டென்சரின் தகடுகள் உரசுகின்றன.

ஒரு எச்சரிக்கை. உள்ளே அலுமினிய டப்பாக்களில் திருகுகள் தெரியும். அவை 455 கிலோஹெர்ட்ஸுக்குச் சரியாக அமைக்கப்பட்டவை. "கொஞ்சம் திருகிப் பார்ப்போம்" என்று தொட்டால், சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டு வருவது கடினம்.

கம்ப்யூட்டர் நண்பனா, எதிரியா?

இரண்டும்தான். நண்பனாக, வால்வு எண்ணையும் ரேடியோ மாடல் எண்ணையும் கூகுளில் தேடினால் சர்க்யூட் படமும் டேட்டா ஷீட்டும் பி.டி.எப். வடிவில் கிடைக்கக்கூடும். அவற்றை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எக்ஸெல் ஷீட் ஒன்றைத் திறந்து, பாகத்தின் பெயர், குறித்த மதிப்பு, அளந்த மதிப்பு, மாற்றிய தேதி என்று நான்கு காலம் போட்டு வையுங்கள். அடுத்த முறை ரிப்பேர் செய்பவர் உங்களை வாழ்த்துவார்.

எதிரியாக, ரேடியோ பாடத் தொடங்கியதும் "கொர்" என்று இரைச்சல் வந்தால், முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்., லேப்டாப் அடாப்டர், மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு எல்லாமே மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து வேலை செய்பவை. அந்தத் துண்டிப்பு மீடியம் வேவில் இரைச்சலாக விழும். ரேடியோவை இவற்றிலிருந்து தள்ளி வைத்து, ஏரியல் துளையில் சில மீட்டர் வயரை இணைத்து ஜன்னலுக்கு வெளியே விட்டால் நிறையவே குறையும்.

பி.யு. துளையில் பாட்டு கொடுக்க, டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோவை மட்டுமே பயன்படுத்தவும். "யு" வகை ரேடியோவில் இதைச் செய்தால் உங்கள் மொபைலும் நீங்களும் நேராக வீட்டு மின்சாரத்தோடு இணைந்துவிடுவீர்கள். சார்ஜரில் இல்லாத மொபைல் அல்லது எம்.பி.3 பிளேயர் நல்லது. இடது, வலது இரண்டு ஒலிகளையும் நேராக ஒட்டாமல், ஒவ்வொன்றிலும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு இணைக்கவும்.

எதைக் கேட்பது?

சென்னையில் அகில இந்திய வானொலி 1938இலும், திருச்சியில் 1939இலும் தொடங்கின. அந்தக் காலத்துக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் நிறைய. உலகம் முழுவதும் மீடியம் வேவ், ஷார்ட் வேவ் நிலையங்கள் குறைந்து வருகின்றன. பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவை 2017இல் நின்றுவிட்டது. எனவே வேலையைத் தொடங்கும் முன், ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்து உங்கள் ஊரில் மீடியம் வேவில் என்ன வருகிறது என்று பகலிலும் இரவிலும் பார்த்துவிடுங்கள். இரவில் அயனி மண்டலம் அலைகளைத் திருப்பி அனுப்புவதால் தூரத்து நிலையங்களும் வரும்.

எங்கள் பெரியம்மா முதல் நாள் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "கொழும்பு வைப்பா" என்றார். அவர் மனதில் இருந்த நிகழ்ச்சிகள் இப்போது காற்றில் இல்லை. பி.யு. துளை வழியாகப் பழைய பாடல்களை வைத்தேன். புளூடூத் வேண்டாம் என்றவர் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பாட்டு எந்த வாசல் வழியாக வந்தாலும், பாடுவது அதே வால்வுகளும் அதே ஸ்பீக்கரும்தானே.

சரி செய்த ரேடியோவை மாதம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சும்மா கிடந்தால் புதிய எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சரும் கெடும். பின்பக்க அட்டையை மூடாமல் ஓட்டாதீர்கள், குழந்தைகள் கை வைக்கக்கூடும். காற்றோட்டத்துக்காகச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். யாரும் இல்லாத வீட்டில் அதை ஓட விட்டுப் போகாதீர்கள். மாற்றிய பாகங்களின் பட்டியலை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்து அதைத் திறக்கப் போகிறவருக்கு அது உதவும்.